கெடா முடித்துவைத்த கோடை

நான் புதுச்சேரிக்குப் படிக்கப் போன கதையைக் கேட்பவர்கள் பாதியில் நிறுத்தி, "கெடாவா?" என்று கேட்பார்கள். ஆமாம், ஆட்டுக்கெடாதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குளியல் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேலத்தில் பி.ஏ. படித்தபோது என்னுடன் படித்த தோழியின் அத்தா, அதாவது அப்பா, துண்டு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டு மாடியில் உட்கார இடம் வேண்டுமென்றால் துண்டு மூட்டைமேல்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து ஒரு மதியம், வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பியிருந்த மாதிரிப் படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் கோடு போட்ட ஒரு துண்டின் கீழே 'கோடைக்கு' என்று ஐந்து மொழிகளில் போட்டிருந்தது. ஆங்கிலம் தெரிந்தது. மற்ற நான்கையும் நாங்கள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். பிரெஞ்சில் எதே. இத்தாலியில் எஸ்தாத்தே. ஸ்பானியத்தில் வெரானோ. போர்ச்சுகீசில் வெராவ்.

"நாலும் லத்தீன் பெத்த புள்ளைங்கன்னு வகுப்புல சொன்னாங்களேடி. ரெண்டு ஒரு ஜாடை, ரெண்டு வேற ஜாடையா இருக்குதே?" என்றேன்.

"அத்தாகிட்ட கேளு."

அவளுடைய அத்தா மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எப்படி எழுதுனா என்னம்மா? சாயம் போகாம இருக்கணும்."

எனக்கு அது போதவில்லை. எனக்கு ஒன்று தலைக்குள் புகுந்தால் சோறு இறங்காது. மறுநாள் கல்லூரி நூலகத்தில் பூட்டிய பீரோவைத் திறக்கச்சொல்லி, பூச்சி அரித்த ஒரு சொற்பிறப்பு அகராதியை எடுத்தேன். நூலகர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் அதை என்ன செய்கிறேன் என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். லத்தீனில் கோடைக்கு ஐஸ்தாஸ் என்று பெயர். சூடு, கொதிப்பு என்பதற்கான சொல் அதன் உடன்பிறப்பு. பிரெஞ்சுக்காரனின் எதேயும் இத்தாலிக்காரனின் எஸ்தாத்தேயும் அதிலிருந்து நேராக இறங்கி வந்தவை. தேய்ந்து தேய்ந்து, பிரெஞ்சில் இரண்டே சத்தம் மிச்சம். ஆனால் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வேறு மாதிரி நடந்திருக்கிறது. லத்தீனில் வசந்தத்துக்கு வேர் என்று பெயர். அதிலிருந்து 'வசந்தத்தைச் சேர்ந்த காலம்' என்ற பொருளில் வெரானும் என்று ஒரு சொல் வந்து, அது மெல்ல மெல்ல நகர்ந்து நகர்ந்து கோடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ருமேனியாக்காரர்களும் அந்த வசந்தத்தைத்தான் கோடை ஆக்கிக்கொண்டார்கள். இடையில் ஒரு காலத்தில் ஸ்பெயின்காரர்களிடம் ஐந்து பருவங்கள் இருந்தனவாம். வெரானோ என்பது இளங்கோடை. கொளுத்துகிற உச்சக் கோடைக்கு எஸ்தியோ என்று தனிப் பெயர், அதுதான் பழைய லத்தீன் கோடையின் பிள்ளை. பிறகு வெரானோ வீங்கி, எஸ்தியோவையும் விழுங்கிவிட்டது.

நான் நூலகத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். நாம் வசந்தத்துக்கே இளவேனில் என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்? அதாவது சின்ன வெக்கை. பின்னால் வருவது முதுவேனில், பெரிய வெக்கை. ஸ்பெயின்காரன் நூற்றுக்கணக்கான வருஷம் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்த இடத்தில் நாம் ஆரம்பத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். நாமக்கல் பக்கத்து வெயிலைப் பார்த்தவன் வேறெப்படிப் பெயர் வைப்பான்?

இதைத் தொடர்ந்து படித்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சும் லத்தீனும் சொல்லித்தரும் ஒரு படிப்பு இருந்தது. மனுப் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது. ஆனி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று கடிதம் வந்தது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு வருஷப் படிப்பு என்று இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் அவருக்குப் பத்து மாசம் என்று வாசித்துக் காட்டினேன்.

*

எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே உள்ளே தள்ளி இருக்கிறது. கிணற்றை நம்பிய பூமி. அப்பா தை மாதமே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில், பங்காளிகள் எல்லாரும் இலைமுன் இருக்கும்போது பெரியப்பா கேட்டார்.

"ஏன்டா, புள்ளய மேல படிக்க வெக்கப் போறயாமா?"

"வெக்கறேன். கோடை முடியட்டும், போவட்டும்."

எங்கள் குடும்பத்தில் கிணறு வற்றிக் கிடக்கும்போது பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் வழக்கமில்லை. அனுப்பினால் பிள்ளை போன இடத்தில் ஒட்டாது, கிணறும் ஊறாது என்று நம்பிக்கை. அதனால்தான் அந்தக் கோடை. எங்கள் பக்கத்தில் பந்தியில் சொன்ன வாக்கை மாற்ற முடியாது. அனுப்பமாட்டேன் என்று அப்பா இனிமேல் சொல்ல முடியாது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கோடை முடியாமல் அனுப்பவும் முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த வருஷம் கோடை முடியவில்லை. கத்திரி வெயில் பஞ்சாங்கத்தில் முடிந்தது, வெளியில் முடியவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தகர வாளியும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் லாரி வந்து எங்கள் காட்டில் முன்னூறு அடி துளை போட்டது. மாவு மாதிரிப் புழுதிதான் வந்தது. ரிக்காரர் முகம் முழுக்க வெள்ளையாக நின்று, "கல்லு நல்ல கல்லுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி பிறந்தது. நான் அப்பாவிடம் பஞ்சாங்கத்தைக் காட்டினேன்.

"கத்திரி போனா கோடை போச்சா சாமி? மழை பேயோணும். கெணறு கண்ணத் தொறக்கோணும்."

"மழை ஆவணி, புரட்டாசிலதானுங்கப்பா பேயும்."

"அப்ப ஆவணில போ."

"காலேசு ஆனில தொறக்கறாங்களே?"

"அவங்கூருல மழை பேஞ்சுருச்சாட்ட இருக்குது."

அன்றைக்குச் சாயங்காலம் களத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் காற்று வருமா என்று உட்கார்ந்திருந்தபோது நான் லத்தீனை இறக்கினேன். எதே, எஸ்தாத்தே, வெரானோ, வெராவ், எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தத்தின் பெயர் நகர்ந்து கோடைக்குள் வந்ததைச் சொன்னேன். கையில் ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்ததால் தரையில் கோடு போட்டும் காட்டினேன்.

"அவங்க கோடையோட ஆரம்பத்தையே நகத்தி வெச்சிருக்கறாங்கப்பா. அப்ப முடிவ நாம கொஞ்சம் முன்னால நகத்தினா என்னுங்க தப்பு?"

அப்பா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனூருக் கெணத்துல தண்ணி இருந்துருக்கும் சாமி. பொழுது போவாம நகத்திட்டு இருந்துருக்கறான்."

பெரியப்பா தமிழ் மாநாடுகளுக்கெல்லாம் லாரி ஏறிப் போய்வந்தவர். அவருக்கு வேறு ஒன்றில் பிடி கிடைத்துவிட்டது. "என்ன பேரு சொன்ன? வேரா? அட, வேர்த்து ஊத்தறதப் பாத்து நம்மாளு வெச்ச பேரு அது! இங்கிருந்துதான் போயிருக்குது."

"இல்லீங் பெரியப்பா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"உனக்கென்ன தெரியும், நேத்துப் பொறந்தவ."

அம்மா எழுந்து குடத்தை இடுப்பில் வைத்தாள். "அந்த லத்தீன்காரனை ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வரச்சொல்லு கண்ணு. அப்பறம் கோடைய எங்க வேணாலும் நகத்திக்கட்டும்."

ஆனால் கோடு அப்பாவின் தலைக்குள் போயிருந்தது. மறுநாள் காலையில் அவரே ஆரம்பித்தார். "கோடை முடிஞ்சுதா முடியலயான்னு நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. கன்னிமாரு கோயில்ல கேட்டுப்போடலாம்."

*

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். கெடாவைச் சாமிமுன் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து வால்வரை ஊற்றிக் கேள்வியைச் சொல்வார்கள். கெடா உடம்பை உலுக்கி உதறினால் அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்கினால் சாமி சம்மதம். தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. முதுகு, வால் எல்லாம் ஆட வேண்டும்.

மற்ற ஊர்களில் துளுக்கிய கெடாவை வெட்டிவிடுவார்கள். எங்கள் கன்னிமாருக்குப் பொங்கல் மட்டும்தான், உயிர்ப்பலி கிடையாது. ஆகவே ஒரே கெடாதான் எங்களுக்கு வருஷக்கணக்காக உத்தரவு சொல்லிவந்தது. கறுப்புக் கெடா, வலது காதில் ஒரு கிழிசல். எனக்குத் தெரிந்து ஒன்பது வருஷ சர்வீஸ். கல்யாணம், கிணறு, கரண்டு மோட்டார், ஒரு தடவை லாரி வடநாட்டுக்கு லோடு ஏற்றலாமா என்பதுவரை எல்லாம் அதனிடம் கேட்டாயிற்று. செம்பைக் கண்டாலே தானாக வந்து சாமிக்கு முன்னால் நிற்கும். பதவியில் பழகிப்போன ஆள் எதற்கும் அவசரப்படமாட்டார் இல்லையா? அதுவும் அப்படித்தான், வருஷத்துக்கு வருஷம் துளுக்க நேரம் எடுத்துக்கொண்டது.

விடியற்காலையில் கேட்பதாகத்தான் ஏற்பாடு. பூசாரி எருமப்பட்டியில் மகள் வீட்டிலிருந்து வர வேண்டும். பஸ் பழுதாகி அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. சூரியன் உச்சந்தலையில். நாற்பது ஐம்பது பேர் வேப்பமர நிழலில் நெருக்கிக்கொண்டு நின்றோம். நிழலும் பெயருக்குத்தான். தண்ணீர் ஆறு வீடுகளில் வீட்டுக்கு ஒரு செம்பாகக் குடிக்கிற பானையிலிருந்து கொண்டுவந்தது.

பூசாரி கேட்டார்: "ஆத்தா, இந்தப் புள்ள புதுச்சேரி போவோணுமாம். கோடை முடிஞ்சாத்தான் போவோணும்னு அப்பன் வாக்கு. கோடை முடிஞ்சுதுன்னா துளுக்கிக் குடு!"

முதல் செம்பு. கெடா கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாவது செம்பு. கெடா கழுத்தை நீட்டி, இங்கேயும் ஊற்று என்பது போலக் காட்டியது.

மூன்றாவது செம்பு முடிந்தபோது அதன் முகத்தில் இருந்த நிம்மதியை அந்த வருஷம் நான் எந்த மனித முகத்திலும் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கொதிக்கிற வெயிலில் குளிப்பாட்டினால் அது எதற்காக உதறும்? உதறினால் குளிர் எடுக்கிறது என்று அர்த்தம், குளிர் எடுத்தால் கோடை முடிந்தது என்று அர்த்தம். கேள்விக்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதில் எனக்கு எதிராக இருந்தது.

ஊர் அப்படி நினைக்கவில்லை. கெடா துளுக்கவில்லை என்றால் நிற்கிறவர்களில் யாரிடமோ குறை இருக்கிறது என்று அர்த்தம். குறையைச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் சாமி மனமிறங்கும்.

"ஆரு என்ன கொறை வெச்சிருக்கறீங்களோ, சொல்லிப்போடுங்க. தண்ணி தீந்துட்டு இருக்குது" என்றார் பூசாரி.

முதலில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "தெக்கு வரப்புக் கல்லு ஒரு முழம் தள்ளி நின்னுது பாருங்க, அது தானா நகரல. நாந்தான் நட்டு வெச்சேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

"தெரிஞ்சா கேக்கறதுக்கென்னடா?"

"நீயே சொல்லுவீன்னு இருந்தேன்."

நான்காவது செம்பு. கெடா அசையவில்லை. பால் ஊற்றுகிற அண்ணன் முன்னால் வந்தார். "பாலுல தண்ணி கலந்தது உண்டுங்க. இப்ப மூணு மாசமா இல்ல."

"திருந்திட்டியாக்கும்?"

"தண்ணி இல்லீங்களே."

ஐந்தாவது செம்பு. பூசாரியே போன நோன்புக்குப் பொங்கலை வேகாமல் இறக்கியதை ஒப்புக்கொண்டார். "அன்னிக்கே வயித்த வலிச்சுது" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல். கெடா சொகுசாக நின்றது. எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். கேள்வி என்னுடையது. ஒரே ஒரு செம்புதான் மிச்சம்.

ஐஸ்தாஸ், வெரானும், எஸ்தியோ எதுவும் எனக்குத் துணைக்கு வரவில்லை.

"கடுதாசில பத்து மாசம்னு போடலீங்க" என்றேன். "ரெண்டு வருசம்னு போட்டிருக்குது. நாந்தான் மாத்திப் படிச்சேன்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, கெடாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பூசாரியின் கையிலிருந்து ஆறாவது செம்பை வாங்கினார்.

"நீங்க ஊத்தக் கூடாதுங்ணா" என்றார் பூசாரி.

"எம்புள்ள கேள்வி, நாந்தான் ஊத்துவேன்." என்னிடம் திரும்பாமலே கேட்டார்: "ரெண்டு வருசத்துல எத்தன கோடை வருது?"

"ரெண்டுங்க."

"ரெண்டுக்கும் லீவு உடுவாங்களா?"

"உடுவாங்கப்பா."

"லீவுக்கு ஊட்டுக்கு வருவியா?"

"வாரேனுங்க."

அப்பா குனிந்தார். அவர் பத்து வயதிலிருந்து ஆடு வளர்த்தவர். தலையிலிருந்து வால்வரை ஊற்ற வேண்டிய செம்பு கெடாவின் இடது காதுக்கு நேராக நின்றதையும், சாய்ந்ததையும், நான் மட்டும்தான் அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கெடா ஒரு கணம் திகைத்தது. பிறகு அப்படி ஒரு துளுக்கு! தலை, கழுத்து, முதுகு, வால். மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லார் மூஞ்சியிலும் தெறித்தது. ஒன்பது வருஷ சர்வீஸில் அது அவ்வளவு கோபமாக உத்தரவு கொடுத்ததில்லை.

"உத்தரவு! உத்தரவு!" என்று பூசாரி கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அப்பா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குச் சொன்னார்: "கோடை முடிஞ்சுருச்சு."

*

அதற்கப்புறம் நான் கிளம்பும் வரைக்கும் இருந்த ஐந்து நாட்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

கோடை முடிந்துவிட்டது என்று சாமியே சொன்னபிறகு எங்கள் ஊரில் யாரும் வெயில் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் சாமிகுற்றம். பனைவிசிறிகள் பரணுக்குப் போயின. வெளியில் படுத்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் வெந்தார்கள். பெரியப்பா ரோட்டோரத்தில் போட்டிருந்த மோர்ப்பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"ஏனுங்க, பந்தலப் பிரிக்கறீங்க?"

"கோடை முடிஞ்சுருச்சுங்க."

டிரைவர் வானத்தைப் பார்த்தார். "எப்பங்க?"

"செவ்வாக்கெழம பன்னண்டு மணிக்கு."

கடலைக்காய் விதைக்கிற மாதம்தான். ஆனால் ஒருவரும் ஏர் பூட்டவில்லை. ஏன் என்று பால் அண்ணனிடம் கேட்டேன். "சாமி சொல்லிருச்சு, சரி. மண்ணும் சொல்லோணுமல்லொ" என்றார்.

எனக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருந்தாலும் இன்னொரு பக்கம் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. ஏனென்றால் மூன்றாம் நாளே ஊர் புதுப் பருவம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "என்னுங்க, வெயிலா?" என்று கேட்டால், "சே சே, வெயிலெல்லாம் இல்லீங்க. சும்மா புழுக்கம்" என்றார்கள். எல்லாருமே புழுக்கம் என்றார்கள். கோடைக்கும் மழைக்கும் நடுவில் புழுக்கம் என்று ஒரு காலம். ஒரு பெயர் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் காலியான இடத்துக்கு இன்னொரு பெயர் வந்தாக வேண்டும். ஸ்பெயின்காரர்களும் இப்படி வேர்த்துக்கொண்டேதான் ஐந்து பருவம் வைத்திருந்திருப்பார்கள். அதை என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுச்சத்திரம் ரோட்டில் சேலம் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உடம்பில் கறுப்புக் கம்பளி. மார்கழியில்தான் அதை எடுப்பார். கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

"அப்பா, கம்பளிய எடுத்துப் போடுங்க. ஆரும் இங்க நம்மூருக்காரங்க இல்ல."

"பெரியப்பன் பஸ்ஸுல எங்கியாச்சும் இருப்பான். நீ கம்முனு இரு."

பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, காச்சலா?"

"இல்லீங்க. கோடை முடிஞ்சு போச்சல்லொ, குளுருது" என்றார் அப்பா.

புதுச்சேரியில் முதல் வாரம் பருவங்களின் பெயர்கள்தான் பாடம். நான் எதே என்று சொன்னபோது வாத்தியார், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

புரட்டாசியில் அப்பாவிடமிருந்து ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. அவர் கையெழுத்து, பென்சிலில். முதலில் நலம் விசாரித்திருந்தார். அப்புறம் இப்படி எழுதியிருந்தார்:

"மூணு நாளா மழை. கெணத்துல நாலு முழம் தண்ணி. அந்த ஒத்தச் செருப்பு மேல வந்து மெதக்குது, நம்முளுதுதான். இப்பத்தான் நெசமாலுமே கோடை முடிஞ்சுது. நீ ஊருக்கு வந்தா இத ஆரு கிட்டயும் சொல்லாத. பாவம், கெடா பேரு கெட்டுப்போவும்."